செய்திப் பெருக்கும் சட்டக் கரையும்

ஆறு நாட்டிற்கு உயிர் போன்றது. ஆயினும், கரையில்லாத ஆறு ஊரை அழிக்கும். அடைபட்ட ஆறோ வயலை வாட்டும். ஆதலின், நம் முன்னோர் ஆற்றிற்குக் கரை கட்டினர். கரையில் மதகு அமைத்தனர். மதகைக் காக்க ஆளும் வைத்தனர். அவர் நீரின் போக்கை நெறிப்படுத்தினரேயன்றி, நீரே வரலாகாது என்று தடுத்தாரல்லர். மக்களிடையே நாள்தோறும் பெருகியோடும் செய்திக்கும் இவ்வுண்மை பொருந்தும். இக்காலத்தில் அச்செய்திப் பெருக்கின் பெரும்பகுதி சமூக ஊடகங்கள் என்னும் வாய்க்கால்களின் வழியே ஓடுகின்றது. அவ்வாய்க்கால்களை நடத்தும் நிறுவனங்களையும், அவை கையாளும் கணக்கு முறைகளையும் அரசு சட்டத்தால் நெறிப்படுத்தலாமா? இவ்வினா இன்று உலக நாடுகள் பலவற்றில் எழுந்துள்ளது. இதனை இருபுறமும் நோக்கி ஆராய்வோம்.

ஊடகத்தின் இயல்பு

செய்தித்தாளில் எச்செய்தியை முதற்பக்கத்தில் இடுவது, எதனை விடுவது என்று முடிவு செய்பவர் அதன் ஆசிரியர். அவர் பெயர் இதழிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பொய்யான செய்தியை வெளியிட்டுப் பிறர் புகழைக் கெடுத்தாராயின், அவரை வழக்குமன்றத்தில் நிறுத்தலாம். ஒரு நாளிதழை ஆயிரம் பேர் வாங்கினால், ஆயிரவரும் ஒரே முதற்பக்கத்தையே காண்பர். ஆகவே, அதில் உள்ள குறையை ஒருவர் காணாவிடினும் மற்றொருவர் கண்டு கூறுவர்.

சமூக ஊடகங்களின் அமைப்பு வேறு. பேஸ்புக் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், இப்பொழுது எக்ஸ் என வழங்கும் டுவிட்டர் 2006-ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றில் எவரும் எழுதலாம், எவரும் படம் காட்டலாம், எவரும் படிக்கலாம். அச்சகம் வேண்டுவதில்லை, பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிற்றூரில் வாழும் உழவர் தம் குறையை நாடறியச் செய்யலாம். கடல்கடந்து வாழும் மகன் தாயின் முகத்தை நாள்தோறும் காணலாம். பேஸ்புக் ஒன்றை மட்டும் திங்கள்தோறும் 300 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பயன்படுத்துகின்றனர். மக்களினத்தின் வரலாற்றில் இத்துணைப் பெரிய கூட்டம் ஒரே வாயிலின் வழியே புகுந்து வெளிவந்தது முன்பு எக்காலத்தும் இல்லை.

இவ்வாயிலிற் புகுவார் கட்டணம் செலுத்துவதில்லை. அங்ஙனமாயின், இந்நிறுவனங்களுக்குப் பொருள் வரும் வழி யாது? விளம்பரமே பெரும்பான்மையான வழியாகும். ஒருவர் எவ்வளவு நேரம் அங்கே தங்குகின்றாரோ அவ்வளவிற்கு விளம்பரங்கள் அவர் கண்ணிற் படும். ஆகவே, மக்களின் நேரமும் நோக்கமுமே இங்கு விலைபோகும் சரக்குகள். கடைக்கு வந்தவர் போகாவண்ணம் பிடித்து நிறுத்துவதே வணிகத்தின் திறன் என்றாயிற்று.

பொறியின் தொழில்

இங்ஙனம் பிடித்து நிறுத்தும் தொழிலைச் செய்வது யாது? கணிப்பொறிக்கு வகுத்துத் தரப்பட்ட ஒரு கணக்கு முறையே. அதனை அல்காரிதம் என்பர். தமிழில் படிமுறை எனலாம். ஒரு செயலை முடிப்பதற்கு முதலில் இது, அடுத்து இது என்று படிப்படியாக வகுத்த விதிகளின் தொகுதியே படிமுறை.

மாணவன் ஒருவன் கிரிக்கெட் ஆட்டக் காட்சி ஒன்றைப் பார்க்கின்றான் என்று கொள்வோம். அவன் அதனை எத்தனை நொடி பார்த்தான், முழுதும் பார்த்தானா, இடையில் விட்டானா, நண்பர்க்கு அனுப்பினானா, விருப்பக்குறி இட்டானா என்பவற்றையெல்லாம் பொறி குறித்துக்கொள்ளும். அவனைப் போன்ற பிறர் இதன் பின்னர் எதனைப் பார்த்தனர் என்பதையும் கணக்கிடும். பிறகு, காத்திருக்கும் எண்ணற்ற பதிவுகளுள் எதனைக் காட்டினால் அவன் இன்னும் சிறிது நேரம் தங்குவான் என்று மதிப்பிட்டு, அதனையே முதலில் வைக்கும். இவ்வாறு ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஒரு முதற்பக்கம் அமைகின்றது. அடுத்த வீட்டுக்காரர் காணும் பக்கத்தை நாம் காண்பதில்லை. நாம் காண்பதை அவர் காண்பதில்லை.

பொறிக்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. இட்ட பணியை அது செய்யும். பணியை இடுபவர் மனிதரே. மக்களை நெடுநேரம் தங்கச் செய்க என்று பணித்தால், எதனால் மக்கள் தங்குவரோ அதனை அது தேடித் தரும். அமைதியான உரையைக் காட்டிலும் சினமூட்டும் உரையும், உண்மையைக் காட்டிலும் வியப்பூட்டும் வதந்தியும் மக்களை விரைவில் ஈர்ப்பதுண்டு. தெருச்சண்டையைச் சுற்றிக் கூட்டம் கூடுவதை நாம் கண்டதில்லையா? கூட்டம் கூடும் இடத்தையே பொறியும் நாடும்.

2018-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் தன் படிமுறையை மாற்றியமைத்தது. உற்றார் உறவினரிடையே உரையாடலை வளர்க்கும் பதிவுகளுக்கு முதலிடம் தருவதே தன் கருத்து என்று அது கூறிற்று. ஆயினும், அந்நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாகன் என்னும் அம்மையார் 2021-ஆம் ஆண்டில் அதன் உள்ளாவணங்கள் பலவற்றை வெளிப்படுத்தினார். அம்மாற்றத்தினால் சினத்தையும் பிளவையும் வளர்க்கும் பதிவுகள் மேலோங்குகின்றன என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளரே எச்சரித்திருந்தனர் என்பது அவற்றால் தெரியவந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சான்று கூறினார். ஆவணங்களுக்குத் தவறான பொருள் கொள்ளப்படுகின்றது என்று நிறுவனம் மறுத்துரைத்தது. எது சரியென்று வெளியிலிருந்து ஆய்ந்தறிய அப்பொழுது எவர்க்கும் வழியில்லை. இவ்விடர்ப்பாட்டின் வேர் ஈண்டே உள்ளது.

விளைந்த தீமைகள்

மியான்மர் நாட்டில் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் 7 இலட்சத்திற்கு மேற்பட்ட ரோகிங்கிய மக்கள் படையினரின் கொடுமைக்கு அஞ்சி வங்காளதேசத்திற்கு ஓடினர். ஐக்கிய நாடுகள் அமைப்பின் உண்மையறியும் குழு 2018-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டபோது, அம்மக்கள்மீது வெறுப்பைப் பரப்பினார்க்குப் பேஸ்புக் ஒரு கருவியாகப் பயன்பட்டது என்று கூறிற்று. வன்முறையைத் தூண்டுவதற்குத் தன் தளம் பயன்படாவண்ணம் தடுக்கத் தான் போதிய அளவு முயலவில்லை என்று அவ்வாண்டு நவம்பரில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. வெறுப்பைப் பொறி படைக்கவில்லை. அஃது ஆங்கு முன்னரே இருந்தது. ஆயினும், கனன்றுகொண்டிருந்த நெருப்பிற்கு விசிறி வீசியவனும் பொறுப்பினின்று நீங்க முடியாது.

நம் நாட்டிலும் 2018-ஆம் ஆண்டில் பிள்ளைபிடிப்போர் வந்துள்ளனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே பல மாநிலங்களிற் பரவிற்று. வழிப்போக்கர் பலர் ஐயுற்ற கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டிற்று. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு முறையில் ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று வரம்பை மேலும் இறுக்கிற்று. அதன்பின், அத்தகைய செய்திகளின் பரவல் நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்தது என்று அந்நிறுவனமே அறிவித்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் அரிய பாடம் கற்பிக்கின்றது. எவர் வாயும் அடைக்கப்படவில்லை, எச்செய்தியும் அழிக்கப்படவில்லை, எவரும் சிறைப்படவில்லை. மதகு மட்டும் சிறிது தாழ்த்தப்பட்டது. வெள்ளம் தணிந்தது. எனினும், மதகைத் தாழ்த்தும் அறிவு உயிர்கள் மாய்ந்த பின்னரே பிறந்தது. இதனை நிறுவனத்தின் விருப்பத்திற்கே விட்டுவிடலாமா என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

அரசின் கை ஓங்கினால்

அரசு சட்டம் செய்து அடக்கிவிட்டால் தீமை ஒழியுமன்றோ என்று சிலர் எண்ணுவர். அங்ஙனம் விரைந்து முடிவு செய்தலாகாது. செய்தியை அடக்கும் ஆற்றல் கையிற் கிடைத்தபோது ஆட்சியாளர் அதனை எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு நம் வரலாறே சான்று பகரும்.

1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு ஆட்சியில் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் பிறந்தது. தென்னாடு நீங்கலாக, இந்திய மொழிகளில் வெளிவந்த இதழ்களை அஃது அடக்க முற்பட்டது. ஆட்சிமீது வெறுப்பை வளர்க்கும் எதனையும் அச்சிடுவதில்லை என்று அச்சகத்தாரிடம் உறுதிமுறி வாங்கலாம். மீறினால் அச்சுப்பொறியையே பறிக்கலாம். வழக்குமன்றம் சென்று முறையிட வழியில்லை. ஆங்கில இதழ்களுக்கு மட்டும் இக்கட்டு இல்லை. மக்களின் கண்டனத்திற்கு ஆளான அச்சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில், 1882-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எனினும், அடக்குமுறை ஓய்ந்தபாடில்லை. 1908-ஆம் ஆண்டில் பாரதியார் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்படாத புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து 'இந்தியா' இதழை நடத்த நேர்ந்தது.

இவை அயலார் ஆட்சியின் செயல்கள் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 66ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணிப்பொறி வழியே பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவோரும் மூன்றாண்டு வரை சிறையிடப்படலாம் என்று அதன்கண் கூறப்பட்டது. எரிச்சல் என்பதற்கு அளவு யாது? ஒருவர்க்கு நகைப்பைத் தருவது மற்றொருவர்க்கு எரிச்சலைத் தரும். 2012-ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தில் தலைவர் ஒருவர் மறைவையொட்டி நிகழ்ந்த கடையடைப்பைப் பற்றி இளம்பெண் ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார். மற்றொருவர் அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அரசியலமைப்பின் 19-ஆம் விதி வழங்கும் பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறி, 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் நீதிமன்றம் அப்பிரிவை நீக்கிற்று.

செருமனி நாடு 2017-ஆம் ஆண்டில் வேறொரு வழியை நாடிற்று. வெளிப்படையாகச் சட்டத்திற்கு மாறான பதிவைப் பற்றி முறையீடு வந்தால் 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும்; இப்பணியிற் பெரிதும் தவறும் நிறுவனத்திற்கு 5 கோடி யூரோ வரை தண்டம் விதிக்கலாம் என்று அந்நாடு சட்டம் இயற்றிற்று. நோக்கம் நன்றே. ஆயினும், தண்டத்திற்கு அஞ்சும் நிறுவனம் ஐயத்திற்குரிய பதிவுகளையெல்லாம் ஆராயாமல் நீக்கிவிடாதா? குற்றமற்ற உரையும் அவற்றோடு அழியாதா? களையோடு பயிரையும் பறிக்கும் உழவைப் போல அஃது ஆகிவிடும் என்று அறிஞர் பலர் அஞ்சினர்.

தராசும் முத்திரையும்

அங்ஙனமாயின், நிறுவனத்தையும் நம்புதற்கில்லை. அரசையும் முழுதும் நம்புதற்கில்லை. இவ்விரண்டிற்கும் இடையே வழி உண்டா? உண்டு. கடைத்தெருவிலேயே அவ்வழியைக் காணலாம்.

கடைக்காரரின் தராசையும் எடைக்கற்களையும் அரசு அலுவலர் ஆய்ந்து முத்திரை இடுகின்றனர். நீ அரிசி விற்காதே, பருப்பையே விற்பாயாக என்று அவர் கூறுவதில்லை. எதனை வாங்குவது என்று நமக்கும் ஆணையிடுவதில்லை. தராசு பொய்யாதிருக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் கருத்து. கருத்துச் சந்தையிலும் அரசின் பணி இத்தகையதாக இருப்பின், உரிமைக்கும் கேடில்லை, காப்புக்கும் குறைவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் 2022-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட டிஜிட்டல் சேவைகள் சட்டம் பெரும்பாலும் இந்நெறியிற் சென்றது. அவ்வொன்றியத்தில் திங்கள்தோறும் 4.5 கோடி மக்களேனும் பயன்படுத்தும் பெருந்தளங்களை அது 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலும், ஏனையவற்றை 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதலும் கட்டுப்படுத்துகின்றது. அதன் விதிகளுட் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, பதிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் எவ்வெவற்றிற்கு முதன்மை தரப்படுகின்றது என்பதை நிறுவனம் எளிய மொழியில் எடுத்துரைக்க வேண்டும். இரண்டாவது, தம்மைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி அமைக்காத வேறொரு வரிசையையும் மக்கள் தேர்ந்துகொள்ளுமாறு பெருந்தளங்கள் வழங்க வேண்டும். மூன்றாவது, தம் அமைப்பினால் சமூகத்திற்கு நேரக்கூடிய கேடுகளை அவை ஆண்டுதோறும் ஆய்ந்து குறைக்க வேண்டும். தம்மைச் சாராத தணிக்கையாளர் அதனைச் சரிபார்க்க வேண்டும். நான்காவது, தகுதியுடைய ஆய்வாளர்க்குத் தம் கணக்குகளைக் காட்ட வேண்டும். ஐந்தாவது, ஒருவர் பதிவை நீக்கினால் அதற்குரிய காரணத்தை அவர்க்குக் கூற வேண்டும். அவர் முறையிடவும் வழி வேண்டும். ஆறாவது, சிறுவரின் இயல்புகளைத் திரட்டி அவர்க்கேற்ற விளம்பரம் காட்டுதல் கூடாது. இவ்விதிகளை மீறும் நிறுவனம் தன் உலகளாவிய ஆண்டு வரவில் நூற்றுக்கு ஆறு பங்கு வரை தண்டம் செலுத்த நேரும்.

இச்சட்டம் ஏட்டளவில் நிற்கவில்லை. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் டிக்டாக் நிறுவனம் பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஒரு புதுமுறையைப் புகுத்திற்று. காட்சிகளைப் பார்ப்பவர்க்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. அப்புள்ளிகளைக் கொடுத்துப் பரிசு பெறலாம். பார்க்கப் பார்க்கப் பரிசு என்றால், இளையோர் கண்ணை எடுப்பரா? இதனால் விளையும் கேட்டை முன்னரே ஆராயாதது ஏன் என்று ஐரோப்பிய ஆணையம் வினவிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், அம்முறையை ஒன்றிய நாடுகளில் மீண்டும் புகுத்துவதில்லை என்று நிறுவனம் உறுதி கூறிற்று. ஈண்டும் எவருடைய கருத்தும் தடுக்கப்படவில்லை; தூண்டிலின் இரையே நீக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் எக்ஸ் நிறுவனத்திற்கு 12 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. விளம்பரக் குறிப்புகளைத் தெளிவாகக் காட்டாமையும், ஆய்வாளர்க்குக் கணக்குகளைத் திறவாமையும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுட் சில. அமெரிக்க ஆட்சியாளர் சிலர் இதனைத் தம் நாட்டு நிறுவனங்களின்மீதும் பேச்சுரிமையின்மீதும் தொடுக்கப்பட்ட தாக்குதல் என்று கண்டித்தனர். ஆகவே, வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

படிமுறை எங்கள் வணிக மறை. அதனை வெளியிட்டால் வஞ்சகர் அறிந்துகொண்டு எங்களை ஏமாற்றுவர் என்று நிறுவனங்கள் கூறுகின்றன. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், மருந்தின் செய்முறையைத் தெருவிற் கூவுதல் வேறு. அதனை ஆய்வாளர் சோதிக்க இசைதல் வேறு. முன்னதை எவரும் கேட்கவில்லை. பின்னதை மறுப்பதற்கு நேரிய காரணம் இல்லை.

சிறுவர் காப்பு

சிறுவரைப் பொறுத்தவரை நாடுகள் இன்னும் கடுமை காட்டுகின்றன. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் செயல்களைத் தொடர்ந்து குறித்தலையும், அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்தலையும் விலக்குகின்றது. ஆஸ்திரேலிய நாடு 2024-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 10 முதல் 16 வயதிற்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தலாகாது. இதற்குத் தண்டம் நிறுவனத்திற்கேயன்றிச் சிறுவர்க்கோ பெற்றோர்க்கோ இல்லை. இளமனத்தைக் காக்க இது வேண்டும் என்பர் ஒரு சாரார். வயதை அறியும் பொருட்டு எல்லார் அடையாளத்தையும் கேட்க நேரும். சிறுவர் கள்ளவழியில் இன்னும் இருண்ட இடங்களுக்குச் செல்வர் என்பர் மற்றொரு சாரார். நீச்சல் தெரியாத பிள்ளையை வெள்ளத்தில் விடுதலும் தவறு. நீச்சலே கற்பியாமல் விடுதலும் தவறு. பொறியின் தூண்டிலை நீக்குவதும், பிள்ளைக்கு அறிவூட்டுவதும் ஒருங்கே நடைபெறுதல் வேண்டும்.

நல்ல சட்டத்தின் இலக்கணம்

இதுகாறும் கூறியவற்றால் நல்ல சட்டத்தின் இலக்கணம் புலனாகும். அது மக்கள் மன்றத்திற் பலரறிய விவாதிக்கப்பட்டுப் பிறத்தல் வேண்டும். எரிச்சல், வெறுப்பு என்னும் அளவற்ற சொற்களால் அமையாமல், தெளிந்த சொற்களால் அமைதல் வேண்டும். அதனை நடத்துவோர் அமைச்சரின் கைப்பாவையாக இல்லாமல் தனித்து இயங்குதல் வேண்டும். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லும் வழி திறந்திருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எது உண்மை, எது பொய் என்று தீர்ப்புக் கூறும் உரிமையை அரசு தனக்கே வைத்துக்கொள்ளுதல் ஆகாது. ஆள்வோரைப் பற்றிய செய்திக்கு ஆள்வோரே நடுவராதல் பொருந்துமா?

ஆகவே, சமூக ஊடக நிறுவனங்களை அரசு நெறிப்படுத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஆயின், நெறிப்படுத்த வேண்டியது பொறியையேயன்றி மக்களின் நாவை அன்று. முன்னதைச் செய்யாவிடின் சில நிறுவனங்கள் நம் மனத்தை ஆளும். பின்னதைச் செய்தால் ஆட்சியே நம் மனத்தை ஆளும். இரண்டும் அடிமைத்தனமே.

மாணவர்களே! சட்டம் கரை கட்டலாம். நீரைத் தெளிந்து அருந்துவது நம் கடமை. ஒரு செய்தி உங்கள் உள்ளத்திற் சினத்தையோ அச்சத்தையோ மூட்டினால், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் சற்றே நில்லுங்கள். இதனைக் கூறியவர் யார்? சான்று யாது? என் கண்ணில் இஃது ஏன் பட்டது? இம்மூன்று வினாக்களையும் எழுப்புங்கள். 2018-இல் வதந்தியைக் கைமாற்றியவர் ஒவ்வொருவரும் இங்ஙனம் ஒரு நொடி நின்றிருப்பாராயின், வழிப்போக்கர் பலர் தம் வீடு திரும்பியிருப்பர். நாளை வாக்களித்துச் சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கப் போகின்றவர் நீங்களே. கரை எங்கே வேண்டும், மதகு எங்கே வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு அன்று உங்களுடையதாகும்.